பூனை எலியைத் துரத்தி முடித்த பிறகு என்ன செய்வது?

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்ட பிறகு ஒன்றேகால் மணி நேரம் கோடிங் வகுப்பு நடத்துகிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 18 பிள்ளைகள், நான்கு பழைய லேப்டாப். நெட் வந்தால் வரும். கட்டளை பிளாக்குகளை இழுத்து அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் பூனை எலியைத் துரத்தும் விளையாட்டை யூடியூப் பார்த்துச் செய்து முடித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு விலங்குகள் என்றால் உயிர். அதை வைத்தே மேற்கொண்டு ஏதாவது செய்யலாம் என்று பார்த்தால், முயல், கிளி என்று படம்தான் மாறுகிறது. உள்ளே அதே நிரல்தான் ஓடுகிறது. பெற்றோர் சிலர் "கம்ப்யூட்டர்ல விளையாட்டுத்தானே காட்டுறீங்க" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உள்ளே அதே நிரல்தான் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், டீச்சர். சிக்கலை அந்த ஒரு வரியிலேயே பிடித்துவிட்டீர்கள். அம்புக்குறியை அமுக்கினால் முயலும் வலப்பக்கம் போகிறது, கிளியும் வலப்பக்கம் போகிறது. நிஜ முயல் அப்படியா? ஆள் அரவம் கேட்டால் அசையாமல் பதுங்கும், கிட்டே வந்துவிட்டால் வளைந்து வளைந்து ஓடும். இது நடந்தால் அதைச் செய் என்ற அந்தப் பழக்கத்தை எழுதினால் அதுவே நிரல். ஆகவே விலங்கின் படத்தை விட்டுவிட்டு அதன் பழக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு பிராணி, ஒரு பழக்கம் போதும். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான நிரலாக்கத்துக்கே இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எந்திர ஆமைகள் செய்தார். வெளிச்சத்தைத் தேடிப் போகும், வெளிச்சம் அதிகமானால் விலகும், எதிலாவது முட்டினால் திரும்பும். மூளை என்று உள்ளே இருந்தவை பழைய ரேடியோவில் இருப்பது போன்ற இரண்டே வால்வுகள். 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் உடனிருந்தவர்களும் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதில் சேர்ந்து, கட்டளைப்படி நகர்ந்து கோடு போட்டுப் புகழ்பெற்ற ஆமைக்கு மூதாதை அந்த பிரிஸ்டல் ஆமைகள்தான். 2007இல் வெளிவந்த ஸ்க்ராட்சும் அதே குடும்பம்.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். எறும்பில் ஆரம்பியுங்கள்.

முதல் நாள் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். பள்ளி வளாகத்தில் பிள்ளையார் எறும்பு போகும் இடமாகப் பாருங்கள். கட்டெறும்பும் செவ்வெறும்பும் வேண்டாம், கடித்துவிட்டால் பிள்ளைகளின் கவனம் எல்லாம் அதிலேயே போய்விடும். புற்றிலிருந்து இரண்டடி தள்ளிக் கொஞ்சம் சர்க்கரை வைத்துவிட்டு இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும். முதல் எறும்பு எப்படி அலைகிறது? சர்க்கரை கிடைத்ததும் அதன் நடை மாறுகிறதா? வரிசை உண்டான பிறகு, நடுவில் ஒரே ஓர் இடத்தில் ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிடச் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு வரும் எறும்புகள் தயங்கித் தடுமாறிச் சுற்றித் தேடும். தரையில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ இருந்திருக்கிறது, அதைத் துடைத்துவிட்டோம் என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். சொல்லும் வரை நீங்கள் ஃபெரமோன் (எறும்பு தரையில் விட்டுப்போகும் வாசனைப் பொருள்) என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

பார்த்ததை நோட்டில் எழுதும்போது ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ஆல்' வர வேண்டும். சர்க்கரை கிடைத்தால் புற்றுக்குத் திரும்பும். வாசனை பட்டால் அதன் வழியே போகும். வாசனை இல்லாவிட்டால் அலையும். ஸ்க்ராட்சில் 'இஃப்' பிளாக் செய்கிற வேலையை நம் வினைச்சொல்லின் வாலில் இருக்கும் இந்த 'ஆல்' செய்துவிடுகிறது. 'இஃப்' என்றால் என்ன என்று அரைமணி நேரம் விளக்கியும் புரியாத பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிளாக்கில் ஆங்கிலம் இருந்தாலும் வேரியபிளுக்கு (மாறும் எண்ணை நினைவில் வைத்திருக்கும் பெட்டி) தமிழிலேயே பெயர் வைக்கலாம், 'சுமை', 'பசி' என்று. ஸ்க்ராட்ச் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாம் நாளும் திரை வேண்டாம். மைதானத்தில் விளையாடுங்கள். ஓரிடம் புற்று, எதிர்மூலையில் ஒரு குவியல் புளியங்கொட்டை. பத்துப் பிள்ளைகள் எறும்புகள்; ஆளுக்கொரு கை கோலப்பொடி. அலைய வேண்டும், பேசக்கூடாது, பார்வை காலடியை விட்டு நிமிரக்கூடாது. கொட்டை கிடைத்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, பொடியைத் தரையில் சிந்தியபடி புற்றுக்குத் திரும்ப வேண்டும். வெள்ளைக் கோட்டை மிதித்தவர் அதன் வழியே போக வேண்டும். மீதி எட்டுப் பேரில் இரண்டு பேர் துடைப்பத்தோடு நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கோடுகளைப் பெருக்கிவிட வேண்டும். வாசனை காற்றில் கரைவதற்கு அதுதான் ஈடு. அடிக்கடி நடக்கிற பாதை மறுபடி மறுபடி வெள்ளையாகும்; கொட்டை தீர்ந்துபோன இடத்துக்கான பாதை தானாக மறையும். பெருக்காமலும் ஒரு சுற்று விளையாடுங்கள். காலியான இடத்துக்கே எல்லாரும் போய்க்கொண்டிருப்பார்கள். மறப்பதற்கும் ஒரு பயன் உண்டு என்பதை இதைவிட நன்றாக எந்தத் திரையும் காட்டாது. இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் மார்க்கோ டோரிகோ 1992இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் சிக்கனமான வழி கண்டுபிடிக்கும் ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்.

மூன்றாம் நாள் லேப்டாப். ஓர் எறும்பு ஸ்பிரைட் (திரையில் நகரும் உருவம்). ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'ஃபாரெவர்' பிளாக்குக்குள் மூன்று அடி நகர், மைனஸ் 15க்கும் 15க்கும் நடுவே ஏதோ ஒரு கோணம் திரும்பு, ஓரம் வந்தால் திரும்பு. அலைச்சல் வந்துவிட்டது. சர்க்கரையைத் தொட்டால் 'சுமை' ஒன்று ஆகட்டும், பேனா இறங்கட்டும், புற்றை நோக்கி நடக்கட்டும். புற்றைத் தொட்டதும் சுமை பூஜ்யம், பேனா மேலே. சுமை இல்லாத எறும்பு பேனாக் கோட்டின் நிறத்தைத் தொட்டால் சர்க்கரைப் பக்கம் திரும்பட்டும். இந்தக் கடைசி விதி ஒரு சமரசம். நிஜ எறும்புக்குச் சர்க்கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "அப்ப இத எப்படி சரி பண்றது?" என்று கேட்டால் அன்றைக்கு உங்கள் வகுப்பு ஜெயித்துவிட்டது. பேனாக் கோடு தானாக மங்காது என்பதால் இருபது விநாடிக்கு ஒருமுறை எல்லாக் கோட்டையும் அழிக்கும் 'எரேஸ் ஆல்' கொடுங்கள். துடைப்பம் பிடித்த பிள்ளைகள் அது தங்கள் வேலை என்று உடனே கண்டுகொள்வார்கள்.

அப்புறம் குளோன் (ஓடும்போதே உண்டாகும் நகல்) போட்டு இருபது எறும்பாக்குங்கள். ஸ்க்ராட்ச் 300 குளோன் வரை விடும், ஆனால் நிறம் பார்க்கும் பிளாக் கனமானது. பழைய லேப்டாப்பில் இருபதோடு நிறுத்துவது நல்லது. இங்கே மூன்று இடத்தில் நிச்சயம் தடுக்கும். எறும்பு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தால், பிள்ளை அதை மேல்நோக்கி வரைந்திருக்கிறது என்று அர்த்தம். காஸ்ட்யூமில் (ஸ்பிரைட்டின் படத்தில்) தலை வலப்பக்கம் பார்க்க வேண்டும். ஓர் எறும்பு சர்க்கரையைத் தொட்டதும் இருபதும் வீட்டுக்குக் கிளம்பினால், 'சுமை' வேரியபிளை எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவாக உண்டாக்கியிருக்கிறார்கள்; 'இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும்' என்று புதிதாக உண்டாக்க வேண்டும். கோடே இல்லாத இடத்தில் எறும்புகள் திரும்பினால், கோட்டுக்கும் எறும்புக்கும் ஒரே நிறம் கொடுத்திருப்பார்கள். இந்தப் பிழைகளை நீங்கள் போய்த் திருத்திவிடாதீர்கள். "எறும்பு என்ன செய்யுது, என்ன செய்யணும்னு எழுதுன?" என்று மட்டும் கேளுங்கள். எறும்பு வேலை ஒன்றுக்கே ஐந்தாறு வகுப்பு ஆகும். ஆகட்டும். வாரம் ஒரு புது விலங்கு என்று ஓடினால் பழையபடி படம் மாற்றுவதில்தான் போய் நிற்கும்.

அடுத்தது வௌவால். இதில் நம் மதுரைக்கு ஓர் உரிமை இருக்கிறது. பூச்சி தின்னும் வௌவால் மீயொலி எழுப்பி எதிரொலியைக் கேட்டு இரையைக் கண்டுபிடிக்கும்; இரை நெருங்க நெருங்க ஒலி அடுத்தடுத்து விரைவாக வரும். ஸ்க்ராட்சில் இதற்கு இரண்டே பிளாக்: ஓர் ஒலி எழுப்பு, பிறகு 'பூச்சிக்கு உள்ள தூரம் வகுத்தல் 200' விநாடி காத்திரு. தூரம் 400 என்றால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை, 20 என்றால் விநாடிக்குப் பத்துமுறை. கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டுப் பூச்சியைப் பிடிக்கும் விளையாட்டாக இதை மாற்றலாம். ஐந்தாம் வகுப்பும் செய்யும். ஆலமரத்திலும் புளியமரத்திலும் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு இந்த வித்தை கிடையாது. அது கண்ணையும் மூக்கையும் நம்புகிறது. அதற்கு வேறு நிரல் எழுத வேண்டும். வௌவால் என்று ஒரே பெயர் சொன்னாலும் பழக்கம் வேறு என்பதைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

எட்டாம் வகுப்புக்கு இன்னும் ஒன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே நுழையாத குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் தினமும் மாலையில் பறந்துபோய் வந்துகொண்டிருந்தவரை, இருட்டில் அடைபட்டவையும் அதே நேரத்துக்குச் சிறகடித்தன. துணையில்லாத குகையில் தனியே வைத்தபோது அவற்றின் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிப் போனது. இதை நிரலாக்குங்கள்: ஒவ்வொரு குளோனுக்கும் சொந்தமாக ஒரு 'கடிகாரம்' வேரியபிள், ஆளுக்கொரு வேகம். எண் நிரம்பினால் பறக்கும், பறக்கும்போது எல்லாருக்கும் கேட்கும் அறிவிப்பாக ஒரு 'பிராட்காஸ்ட்' அனுப்பும். அது கேட்டால் மற்ற வௌவால்கள் தங்கள் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொள்ளும். அந்த விதியைப் போட்டும் எடுத்தும் ஓட்டிப் பாருங்கள். பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் நடந்த உலகத்தரமான ஆராய்ச்சி என்று தெரியும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

தை பிறந்தால் உங்களிடம் ஒரே கோரிக்கைதான் வரும், ஜல்லிக்கட்டு. மறுக்க வேண்டாம். ஆனால் "மாடு என்னென்ன செய்யும்?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மாடு வளர்க்கிற வீடு உங்கள் ஊரில் கட்டாயம் இருக்கும். அந்த மாமாவிடமோ தாத்தாவிடமோ போய்க் கேட்கட்டும். வாடிவாசலைத் தாண்டியதும் நேராக ஓடுகிற மாடு ஒரு வகை, நின்று விளையாடுகிற மாடு இன்னொரு வகை. 'நிலை' என்று ஒரு வேரியபிள் வைத்து, ஆளுக்கு உள்ள தூரம் அறுபதுக்குள் வந்தால் 'பாய்ச்சல்', விலகினால் 'சுற்று', யாருமே இல்லாவிட்டால் 'ஓட்டம்' என்று மாற்றலாம். திமிலுக்கு மட்டும் தனி நிறம் தீட்டி, அந்த நிறத்தைத் தொட்டால்தான் புள்ளி என்று வையுங்கள். கொம்பையோ வாலையோ பிடித்தால் ஆட்டம் செல்லாது. ஊர் விதி நிரல் விதியாகிவிடும்.

கூட்டமாகப் பறக்கும் பறவைகளைச் செய்ய நிறையப் பேர் ஆசைப்படுவார்கள். கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987இல் வெளியிட்ட மூன்று விதிகள் அழகானவை: பக்கத்துப் பறவையை இடிக்காதே, அது போகும் திசையிலேயே போ, கூட்டத்தை விட்டு விலகாதே. ஆனால் ஸ்க்ராட்சில் ஒரு குளோன் இன்னொரு குளோனின் இடத்தை எளிதாகக் கேட்டு வாங்க முடியாது. எட்டாம் வகுப்புக்குக் கீழே இதை மைதானத்தில் ஓடி விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்க்காரர்களையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அரிட்டாபட்டி உங்களுக்குப் பக்கம்தான். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், லகர் வல்லூறும் தேவாங்கும் இருக்கின்றன. போனால் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எதையும் பிடிக்கக்கூடாது, கல் எறியக்கூடாது, கீழே விழுந்து கிடக்கிற வௌவாலைத் தொடவே கூடாது.

லேப்டாப் விஷயம். இப்போதைய ஸ்க்ராட்ச் செயலிக்கு விண்டோஸ் 10 வேண்டும். ஒருமுறை நிறுவிவிட்டால் நெட் வேண்டாம், பிள்ளைகளின் வேலையைப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். அதைவிடப் பழைய லேப்டாப்பாக இருந்தால் ஸ்க்ராட்ச் 1.4 போடுங்கள். அதில் குளோன் கிடையாது. எறும்பை ஐந்து முறை டூப்ளிகேட் செய்தால் போதும். புதியதில் செய்த கோப்பு அதில் திறக்காது, ஆகவே ஒரு குழு ஒரே லேப்டாப்பில் தொடரட்டும்.

நான்கு லேப்டாப்புக்கு நான்கு குழு. குழுவில் ஒருவர் மவுஸ், ஒருவர் நோட்டிலிருந்து விதியை வாசிப்பவர், ஒருவர் எறும்பு (விதிப்படி தரையில் நடந்து காட்ட வேண்டும்), மீதிப் பேர் பிழை எழுதுபவர்கள். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றுங்கள். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், டீச்சர். நான் ஆரம்பத்தில் கவனிக்காமல் விட்டேன். ஆண்டு முடிவில் பார்த்தால் ஒவ்வொரு குழுவிலும் ஒரே பையன்தான் மவுஸ் பிடித்திருந்தான். பின்னால் நின்று சரியான விதியைச் சொன்ன பெண் பிள்ளைகள் ஒரு பிளாக்கைக்கூடத் தாங்களாக இழுத்து வைத்ததில்லை. அந்த ஆண்டை அவர்களுக்குத் திருப்பித் தர முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

பெற்றோரை ஒரு நாள் மாலை வரச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். திரையின் நடு பூஜ்யம், இடக்கோடி மைனஸ் 240, வலக்கோடி 240, எறும்பு மைனஸ் 15 டிகிரி திரும்புகிறது என்று பிள்ளையே சொல்லும்போது குறை எண்ணும் கோணமும் அதன் வாயிலிருந்து வரும். அதற்கு முன் அந்த எறும்பு நோட்டைப் பெற்றோர் கையில் கொடுத்து இரண்டு பக்கம் வாசிக்க விடுங்கள்.