ஆட்டோமேட்டிக் காரில் பி0840: கேள்வி பதில்

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0840 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. மெக்கானிக் சென்சாரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடவா?

பொறுங்கள் தம்பி. கியர் ஆயில் பிரஷர் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு, அவ்வளவுதான் அந்தக் கோடுக்கு அர்த்தம். சென்சார், ஒயர், ஆயில் எதில் என்பதை நாம்தான் தேட வேண்டும். முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் சென்சார் சாக்கெட்டைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் கசிந்திருந்தாலோ அதன் உலோக ஊசிகளில் (பின்) பச்சை பூத்திருந்தாலோ அதைச் சரிசெய்து, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். செலவு வைக்கிற வேலை அதற்குப் பிறகுதான்.

தென்காசி வாசகர்: எனக்கும் இதே கோடுதான். ஆரியங்காவு ஏற்றத்தில் கியர் மாறாமல் ஒன்றிலேயே நின்றுவிட்டது. வண்டி ஆறியதும் சரியானது.

கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். லிம்ப் மோடு என்பார்கள். சூட்டில் மட்டும் வருவதால் இரண்டு சந்தேகம். சூடானதும் சென்சாரோ ஒயரோ தொடர்பு விடலாம். அல்லது ஆயில் இளகி, தேய்ந்த பம்பு பிரஷரைப் பிடிக்க முடியாமல் போகலாம். இதைப் பிரித்தறிய நல்ல வழி, வண்டி சூடாக இருக்கும்போதே கியர்பாக்ஸின் டெஸ்ட் போர்ட்டில் (பிரஷர் அளப்பதற்கான துளை) பிரஷர் கேஜ் மாட்டுவது. கேஜில் பிரஷர் சரியாக இருந்து ஸ்கேனரில் குறைவாகக் காட்டினால் சென்சார் பக்கம். இரண்டிலும் குறைவென்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. புதுசு போட்டாலும் அதையேதான் சொல்லும். மூன்று ஒயர் சென்சார் என்றால் சாவியை ஆன் செய்து மல்டிமீட்டரில் பாருங்கள்; ஒரு ஒயரில் பெரும்பாலும் 5 வோல்ட் வரும். வராவிட்டால் ஒயரைத் தேடுங்கள்.

வண்ணார்பேட்டை வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற காரை விலைக்குக் கேட்கிறேன். டெஸ்ட் டிரைவில் இதே கோடு.

ஆயிலைப் பாருங்கள். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, கிளட்ச் தகடுகளும் கெட்டிருக்கும். நான் என்றால் வாங்க மாட்டேன்.

சங்கரன்கோவில் வாசகர்: என்னுடையது ஏஎம்டி. இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் வேறொரு யூனிட் இயக்குகிறது. பல கார்களில் அந்த யூனிட்டுக்குத் தனி பம்பு, தனி ஆயில், தனி பிரஷர் சென்சார். கோடும் வேறாக வரலாம்.

வள்ளியூர் வாசகர்: சிவிடி காரில் (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) சாதா ஏடிஎஃப், அதாவது வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், ஊற்றலாமா அண்ணாச்சி?

கூடவே கூடாது. பெல்ட் வழுக்கும். சிவிடிக்கென்று உள்ள ஆயிலையே, கார் கையேட்டில் போட்டிருக்கும் வகை பார்த்து வாங்குங்கள்.