மேலாளர் போடச் சொல்லும் கையெழுத்து

கேள்வி: ஒரு நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். வராத சரக்கை வந்ததாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும்படி மேலாளர் வற்புறுத்துகிறார். அவர் எங்கள் சபையின் மூப்பரும்கூட. "அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி வேதாகமத்தில் ரோமர் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே" என்கிறார். பயத்தில் ஒருமுறை போட்டுவிட்டேன். மறுபடியும் கேட்கிறார். மறுத்தால் வேலை போய்விடும். என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இனிமேல் போடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ரோமர் 13ஐ உங்கள் மேலாளர் பாதியில் நிறுத்திவிட்டார். அதே பகுதியில், அதிகாரி "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" தேவ ஊழியக்காரனாக இருக்கிறான் என்று பவுல் எழுதுகிறார். அதிகாரம் தேவனிடமிருந்து வந்தது என்றால், அதைக் கொடுத்தவரின் கட்டளையை மீறச் சொல்லும் உரிமை அதற்கு எங்கிருந்து வரும்? "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. பொய்யான பதிவில் போடும் கையெழுத்தும் பொய்ச்சாட்சிதான்.

ஆனால் மேலதிகாரி சொல்வது பிடிக்காதபோதெல்லாம் "நான் தேவனுக்குத்தான் கீழ்ப்படிவேன்" என்று சொல்ல முடியாது. வேலை நேரத்தை மாற்றினார், கடுமையாகப் பேசினார் என்பதற்கெல்லாம், மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை எடுக்கக்கூடாது. தேவன் தெளிவாக விலக்கியதைச் செய்யச் சொன்னாலோ, தெளிவாகக் கட்டளையிட்டதைத் தடுத்தாலோ மட்டுமே அது பொருந்தும். உங்கள் காரியம் பொருந்துகிறது.

எப்படி மறுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தானியேல் முதலாம் அதிகாரம் எட்டாம் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேல், அங்கே ராஜாவின் உணவால் தீட்டுப்படக்கூடாது என்று இருதயத்தில் தீர்மானித்தான். அதே வசனத்தின் முடிவில், பிரதானிகளின் தலைவனிடம் "வேண்டிக்கொண்டான்". தீர்மானம் அசையவில்லை, ஆனாலும் வாயிலிருந்து வந்தது வேண்டுகோள். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியையும் அவனே காட்டினான். நீங்களும் மேலாளரைத் தனியே சந்தியுங்கள். "வந்த சரக்கை மட்டும் எழுதுகிறேன். மீதி வரும் நாளில் அதையும் எழுதித் தருகிறேன். வராததை எழுத என்னால் முடியாது, ஐயா" என்று சொல்லுங்கள். சபையில் அவர் பெயரைக் கெடுக்கும் பேச்சு எதுவும் உங்களிடமிருந்து கிளம்ப வேண்டாம்.

அப்படியும் வேலை போகலாம். போகாது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்து, எரியும் சூளையின் முன் நின்ற தானியேலின் நண்பர்கள் மூன்று பேரும் "எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர்" என்றார்கள். உடனே, "விடுவிக்காமற்போனாலும்" பணிய மாட்டோம் என்றார்கள். அந்த ஒரு சொல்லை இந்த வாரம் உங்கள் ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, வேறு வேலை தேடவும் தொடங்குங்கள். அது அவிசுவாசம் அல்ல. வீட்டாரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே போட்ட கையெழுத்துதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன் சொன்னது யார்? இயேசுவின் சீடரான பேதுரு. அவருக்கு எதிரே பிரதான ஆசாரியன் இருந்தான். பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில்தான், குளிர்காய்ந்துகொண்டு, ஒரு வேலைக்காரப் பெண்ணின் பேச்சுக்கே பயந்து "அவரை அறியேன்" என்று இயேசுவை முன்பு மறுதலித்தவர் இதே பேதுரு. மனம் கசந்து அழுத அந்த மனிதரைத்தான் கர்த்தர் மறுபடியும் நிறுத்திப் பேச வைத்தார்.

எனவே தேவனிடம் அறிக்கையிட்டுவிட்டு, மேலாளரைச் சந்திக்கும்போது அந்தப் பழைய பதிவையும் எடுத்துப் பேசுங்கள். அதைத் திருத்த வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால், அவருக்கு மேலே இருப்பவரிடம் அதே கடிதத்தை நேரடியாகக் கொடுங்கள். போகும்போது, உங்களை நன்றாக அறிந்த ஒரு மூத்த விசுவாசியைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.