நர்சம்மாவிடம் கேளுங்கள்: பாலாடை முதல் பாட்டியின் முழங்கால் வரை

திண்டுக்கல் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் நர்சம்மாதான். தடுப்பூசி போட வீடு வீடாகப் போன காலத்தில் ஊசியைப் பற்றிக் கேட்டவர்களைவிடச் சோறு, தூக்கம், மாமியார் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். இந்த முறை வந்த கேள்விகளும் அதே ரகம். மருந்து அளவு கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அதைப் பிள்ளையை நேரில் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா: பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். குழந்தைக்கு ஐந்து மாதம் முடிகிறது, அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும். தாய்ப்பாலை எடுத்து வைத்தால் கெட்டுவிடும், பவுடர் பால் கொடு என்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

முறையாக எடுத்து வைத்தால் கெடாதும்மா. பம்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கையாலேயே பீய்ச்சி எடுக்கலாம். கொதிநீரில் போட்டு எடுத்த, மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணம் போதும். குளிர்ச்சியான அறையில் நான்கு மணி நேரம் வரை இருக்கும் என்பார்கள். ஆனால் உங்கள் ஊர் வெயிலில் அதை நம்ப வேண்டாம், எடுத்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாள் வரை தாங்கும். கொழுப்பு மேலே பிரிந்து நிற்பதைப் பார்த்துத் திரிந்துவிட்டது என்று கொட்டிவிடப் போகிறார்கள், வீட்டில் சொல்லி வையுங்கள். லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள். பாட்டிலைவிடப் பாலாடையைக் கழுவுவது எளிது. குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

இன்னொன்று. முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. 50 பேர், அதற்கு மேல் வேலை செய்கிற இடமென்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் பிரசவ காலப் பணம் அங்கிருந்து வரும். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு முதலில் பிள்ளையைத் தூக்குங்கள். அரை நாளாகப் பார்க்காத முகம் உங்களைக் கண்டதும் எப்படி விரிகிறது என்று பாருங்கள். சிங்க்கில் கிடக்கிற பாத்திரத்தை அந்த நேரத்தில் வேறு யாராவது கழுவட்டும்.

தேனியிலிருந்து: மூன்று மாதக் குழந்தைக்கு நாக்கில் தேன் தடவலாமா? வசம்பு உரசிக் கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் ஆபத்து. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குடலில் வளர்ந்து நரம்பைத் தளரச் செய்துவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டி பாட்டி சந்தோஷப்பட்டால் கட்டிக்கொள்ளட்டும், வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து ஓர் அம்மா: மூன்று வயது மகன் போன் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. போனைப் பிடுங்கினால் பட்டினி கிடக்கிறான்.

இந்தக் கேள்வி இல்லாத வாரமே கிடையாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரியாததாலா கொடுக்கிறீர்கள்? ஒன்பது மணிக்குள் ஊட்டி முடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் பிடிக்க வேண்டும். போன் காட்டினால் பத்து நிமிடத்தில் கிண்ணம் காலி. அதனால் உங்களைத் திட்டப் போவதில்லை.

ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, ருசியும் பதியாது. இதை வேலை நாளில் தொடங்க வேண்டாம். நீங்கள் வீட்டில் இருக்கிற ஒரு விடுமுறையில் தொடங்குங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் பிஸ்கட், பால், முறுக்கு எதுவும் கிடையாது. எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். அப்பாவின் போனும் அலமாரிக்குப் போகட்டும், அது இல்லாமல் இது நடக்காது. அவனுக்குத் தனித்தட்டில் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு இட்லியில் பாதி, அவ்வளவுதான். கையால் பிசையட்டும், சிந்தட்டும், கீழே ஒரு பழைய சாக்கை விரித்து விடுங்கள். அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல், கெஞ்சாமல். ஓடியாடி விளையாடுகிற பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. முதல் இரண்டு மூன்று நாள் ரகளை செய்வான், மாமியார் உங்களைக் கல்நெஞ்சுக்காரி என்பார். தாக்குப்பிடியுங்கள்.

எடையே ஏறவில்லை, சோர்ந்து கிடக்கிறான் என்றால் மட்டும் அது போன் விஷயம் இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள்.

மதுரையிலிருந்து ஓர் அப்பா: கடை வைத்திருக்கிறேன். வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகிவிடும். பெண் என்னிடம் ஒட்டவே மாட்டேன் என்கிறாள். எல்லாமே அவளுக்காகத்தானே செய்கிறேன்?

அவளுக்கு அது எப்படித் தெரியும் தம்பி? தூங்குகிற பிள்ளை கல்லாப்பெட்டியைப் பார்ப்பதில்லை. இரவை விட்டுவிடுங்கள், காலையைப் பிடியுங்கள். தலை சீவி ஜடை போடுவதோ, பள்ளிக்கூடத்தில் விடுவதோ, ஏதாவது ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘உதவி’ செய்ய வேண்டாம், அந்த வேலை உங்களுடையது. ரிப்பன் எங்கே இருக்கிறது என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. முதல் வாரம் ஜடை கோணலாக இருக்கும், அவளே சிரிப்பாள். கடையை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்தால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும் நேரம் கிடைக்கும். நஷ்டக் கணக்கை என்னிடம் சொல்லாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அம்மா எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுகிறார், அதுவும் மீந்ததை. ஸ்காலர்ஷிப் பணம் வந்திருக்கிறது. அம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம்?

நல்லா இரும்மா. சேலை வேண்டாம், அதையும் எடுத்து பீரோவில்தான் வைப்பார். முதல் வேலையாக அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. குழம்பில் கிடக்கிற காயும் மீனும் யார் தட்டுக்குப் போகிறது என்று வீடு வீடாகப் பார்த்தவள் நான். ‘எனக்கு ரசம் போதும்’ என்கிற அம்மாவைத் தெய்வம் என்று புகழ்ந்துவிட்டு நாம் மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். டீ, காபியோடு விழுங்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிடு. அப்புறம் இரவில் அம்மாவை உட்கார வைத்து நீ பரிமாறு. ‘எனக்குப் பசிக்கலை’ என்பார். பசிக்கும். சூடாகத் தோசை வார்த்துத் தட்டில் போட்டால் எத்தனை உள்ளே போகிறது என்று எண்ணிக்கொண்டே இரு.

சேலத்திலிருந்து: பெண் குழந்தைக்குச் செல்வமகள் திட்டத்தில் மாதாமாதம் எவ்வளவு போடலாம்?

பத்து வயதுக்குள் கணக்கு தொடங்க வேண்டும், தபால் நிலையத்தில் முடியும். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால் போதும், கணக்கு முதிர்வது 21 வருஷத்தில். 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். நடுவில் வேறு அவசரத்துக்கு எடுப்பது கஷ்டம். அதனால் கையிருப்பை எல்லாம் அதில் கொட்டிவிட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். உங்கள் வயதான காலத்துக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். பின்னாளில் அவள் உங்களையும் சேர்த்துச் சுமக்காமல் இருப்பதும் அவளுக்கான சேமிப்புதான்.

பெயர் வேண்டாம் என்று ஒரு பாட்டி: மகள் வேலைக்குப் போகிறாள். இரண்டு பேரன்களையும் நான்தான் பார்க்கிறேன். உயிராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் முழங்கால் வலி தாங்கவில்லை. சொன்னால் மகள் வேலையை விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா, நீங்கள் சொல்லாமல் இருந்து ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுந்தால் அன்றைக்கு அவள் வேலையும் போகும், உங்கள் காலும் போகும். இன்றைக்கே சொல்லுங்கள். ‘முடியவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் அழுகையில்தான் முடியும். கணக்காகச் சொல்லுங்கள்: ‘பெரியவனை மாடிப்படி ஏற்றி இறக்க முடியாது. மத்தியானம் ஒரு மணி நேரம் நான் படுக்க வேண்டும். ஞாயிறு எனக்கு லீவு.’ இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கலாம். மத்தியானச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும், உங்களுக்குப் பாதி நாள் மிச்சம். இதையெல்லாம் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். பெற்றது உங்கள் மகள் மட்டும் இல்லையே. வெறும் தரையில் உட்கார்ந்து ஊட்டாதீர்கள், நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு புது அப்பா: நாளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி. இரவெல்லாம் அழும் என்கிறார்கள். என்ன செய்ய?

லேசாகக் காய்ச்சல் வரும், ஊசி போட்ட தொடை கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். காய்ச்சலுக்கான சொட்டு மருந்தை எப்போது, எவ்வளவு என்று ஊசி போடும் இடத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், ஐஸ் வைக்க வேண்டாம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, மணிக்கணக்கில் நிற்காத வீறிடல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஓடுங்கள். மற்றபடி இரவு இரண்டு மணி வரை நீங்கள் தோளில் போட்டு நடங்கள், பாலுக்கு மட்டும் மனைவியை எழுப்புங்கள். இரண்டு மணிக்கு அப்புறம் அவர் முறை. மறுநாள் ஆபீஸுக்கு இப்போதே லீவு சொல்லிவிடுங்கள்.