மஞ்சள் பையில் வந்த 112 படிவங்கள்

"செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு உளவியல் முதுகலை படிக்க வருகிறேன், அக்கா. கிளம்பும் முன்பே கொலுசுப் பட்டறைகளில் நூறு பேரிடம் மனச்சோர்வு பற்றிக் கேட்டு எழுதி எடுத்து வந்துவிட்டால் ஆய்வுக்கு நேரம் மிச்சம்தானே? அப்புறம் குளிர், வீடு, பகுதிநேர வேலை எல்லாம் எப்படி?" என்று சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தம்பி, வேண்டாம். ஒருவரிடம்கூடக் கேட்காதீர்கள்.

2011இல் பொதுச் சுகாதாரம் படிக்க வந்த நான் இதையேதான் செய்தேன். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ பேக்டரியில் என் பெரியம்மா குச்சிக்கிழங்கு தோல் சீவப் போவார். அந்த மாசி மாதம் முழுக்க அவரோடு போய் உட்கார்ந்து, கூட வேலை செய்யும் பெண்களிடம் இடுப்பு வலி, விரலிடுக்குப் புண், வீட்டுக் கஷ்டம் என்று கேட்டு 112 படிவங்களை நிரப்பினேன். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கிழங்குப் பால் காய்ந்த விரல்களில் மை ஒட்டாமல் பாதி ரேகைதான் விழுந்தது. ஜவுளிக்கடை மஞ்சள் பையில் சுற்றி, ஊறுகாய்க்கும் கம்பளிக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

என் வழிகாட்டி அந்தப் படிவங்களைத் தொடவே இல்லை. "நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே?" என்று மட்டும் கேட்டார். மனிதர்களிடம் கேட்டுச் செய்யும் ஆய்வால் அவர்களுக்குக் கெடுதல் வராதா என்று முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் குழு அது. ஆய்வை முடித்துவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கும் பழக்கம் இங்கே கிடையாது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள், அவர்களாகச் சொன்னார்கள், இதில் உங்களுக்கு என்ன என்று நினைத்தேன். அந்தப் பருவத்திலேயே டஸ்கிகி ஆய்வு பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அதைப் படித்த பிறகு என் கோபம் போய்விட்டது.

நீங்கள் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளைத்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடந்த இரண்டு வாரம் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வியை நிதானமாகப் படியுங்கள். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்று கேட்கிறது. பட்டறையில் ஒருவர் "தினமும் வருது தம்பி" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? 3இல் வட்டம் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போக முடியுமா? குழு முதலில் இதைத்தான் கேட்கும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416ஐக் கொடுத்தால் மட்டும் போதுமா, அன்றைக்கே அவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு யார் கூட்டிப்போவார்கள்? முதலாளி பக்கத்தில் நிற்கும்போது உண்மையைச் சொல்வாரா? முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் உங்களிடம் "எனக்கு இஷ்டமில்லை" என்று வாய் திறப்பாரா?

இதற்கெல்லாம் யோசித்து எழுதி ஒப்புதல் வாங்க மாதக்கணக்கில்கூட ஆகும். நவம்பரிலேயே தொடங்குங்கள். சேலத்தில் கேட்பதென்றால் அங்கேயும் ஒரு நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 ஆய்வு வழிகாட்டு நெறிகளை இப்போதே படித்து வையுங்கள்.

இன்னொன்று. இங்கே உள்ள நம் ஆட்களில் சிலர், "யார் பார்க்கப் போகிறார்கள், ரூமில் உட்கார்ந்து நீயே நிரப்பு" என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆய்வேடே எழுதித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. இத்தனை வருடம் இங்கே இருந்தும் பிள்ளைகளுக்கு இப்படி வழி காட்டுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. மாட்டினால் போவது உங்கள் படிப்பும் விசாவும்தான். நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இன்று இங்கே மாணவர்களின் ஆய்வு விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். அந்த மாதிரி ஆட்களின் பேச்சைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

குளிருக்கு ஏற்காட்டு ஸ்வெட்டர் போதாது, கோட்டு இங்கே வாங்கிக்கொள்ளலாம். படிப்புக் காலத்தில் வேலை வாரம் 20 மணி நேரம்தான்; முதுகலைக்குக் கோடையும் படிப்புக் காலம்தான். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் வந்தால் பழகிவிடும்.

அந்த 112 படிவங்களையும் நானே தாள் நறுக்கும் இயந்திரத்தில் போட்டேன். ஒரு தடவைக்கு ஐந்து தாள்தான் உள்ளே போகும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதி ரேகைகள் கண்ணில் பட்டன.

ஒப்புதல் கிடைத்து, மறு வருடம் பங்குனியில் அதே பேக்டரிக்குப் போனேன். பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கத்தியைக் கீழே வைக்காமலே, "போன வருசம் அத்தனையும் சொன்னேனே கண்ணு, அதையெல்லாம் என்ன பண்ணுன?" என்று கேட்டார். கிழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். இரண்டு மூன்று கிழங்கு சீவும் வரை அவர் பேசவில்லை. அப்புறம், "சரி, கேளு. ஆனா வீட்டுக்காரர் குடிக்கிறதப் பத்தி இந்தத் தடவ சொல்ல மாட்டேன்" என்றார். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று புதுப் படிவத்தின் மேலேயே இருந்தது. அதைப் படித்துக் காட்டிவிட்டு முதல் கேள்விக்குப் போனேன்.