வாசகர் கேள்வி - பதில்: பப்புக்குப் போய் சாண்ட்விச்சா?

சென்ற இதழில், பிரிட்டிஷ் பப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது சீஸ் சாண்ட்விச் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி கிண்டல். இந்த முறை எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: இரண்டு துண்டு ரொட்டி, நடுவே கொஞ்சம் சீஸ், அதுவும் சூடுகூட இல்லை. இதைப் புகழ என்ன இருக்கிறது?

வெண்ணெயை விட்டுவிட்டீர்களே! நல்ல பப்பில் ரொட்டியை நீங்கள் கேட்ட பிறகுதான் அறுப்பார்கள். துண்டு கட்டைவிரல் கனத்துக்கு இருக்கும், ஓரத்தோல் மொறுமொறு என்றிருக்கும். உப்பு சேர்த்த வெண்ணெயை நடுவில் மட்டும் ஒப்புக்குத் தடவாமல் நான்கு ஓரத்துக்கும் இழுத்திருப்பார்கள். ருசி ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு ஒரு வேலையும் உண்டு: மேலே வரப்போகும் பிக்கிளின் (அந்த ஊர் காய்கறி ஊறுகாய்) ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அந்தக் கொழுப்புதான் தடுக்கிறது. வெண்ணெயில் கஞ்சத்தனம் செய்த சாண்ட்விச் பத்து நிமிடத்தில் நொசநொசத்துவிடும்.

அப்புறம் செடார் என்கிற கெட்டியான சீஸ். நன்றாகப் பழுத்த செடாரை மெல்லிய ஏடாகச் சீவ முடியாது, கத்தி பட்டால் உதிரும், அதனால் கட்டி கட்டியாகத்தான் வைப்பார்கள். மெல்லும்போது நடுநடுவே உப்புக்கல் போல நறநறவென்று ஏதோ கடிபடும், சீஸ் பழுக்கும்போது அதில் உண்டாகும் படிகங்கள் அவை, பயப்படவேண்டாம். அதற்கு மேல் பிக்கிள், பெரும்பாலும் பிரான்ஸ்டன். 1922இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பிரான்ஸ்டன் என்ற ஊரில் செய்ய ஆரம்பித்தார்கள், ஊர் பெயரே பாட்டிலுக்கும் வந்துவிட்டது. கேரட், வெங்காயம், காலிஃபிளவர் எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, வினிகரும் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் சேர்ந்த கருப்பான குழம்பில் ஊறிக் கிடக்கும். புளிப்பும் இனிப்பும் அந்தச் சீஸின் காரசாரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. அவ்வளவுதான், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. கீரை இலை, தக்காளி, மயோனைஸ் என்று மேலும் மேலும் அடுக்குகிற பப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சூடு இல்லையே என்கிறீர்கள். சூடு வேண்டாம், ஆனால் ஃப்ரிட்ஜ் குளிரும் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் முக்கோணப் பெட்டியில் விற்கிறார்களே, அதைச் சாப்பிட்டுவிட்டு சாண்ட்விச் மேலேயே வெறுப்பானவர்கள் நிறையப் பேர். ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிட சீக்கிரமாகவே விறைத்துப்போகும், மாவுச்சத்து அந்தக் குளிரில் மறுபடி இறுகிவிடுகிறது. சீஸுக்கும் குளிரில் வாசனையே வராது. பப் சாண்ட்விச் ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. வெறும் சாண்ட்விச்சுக்காக பப்புக்குள் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

பார்க்கமாட்டார்கள், தைரியமாகப் போங்கள். ஒரு லைம் சோடா வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். புதிதாகப் போகிறவர்கள் திணறுவது வேறு விஷயத்தில்: மேஜையில் உட்கார்ந்து சர்வர் வருவார் என்று காத்திருப்பார்கள். பெரும்பாலான பப்புகளில் யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் பார் கவுண்டருக்குப் போய், மேஜை எண்ணைச் சொல்லி, காசையும் அங்கேயே கொடுக்கவேண்டும். கவுண்டரில் வரிசை இருக்காது, ஆனால் யார் முதலில் வந்தார், யார் அடுத்து என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும், ஊழியருக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிடுவதும் நோட்டை நீட்டுவதும் மட்டும் வேண்டாம். டிப்ஸ் எதிர்பார்க்கமாட்டார்கள். மனசு கேட்கவில்லை என்றால் "உங்களுக்கும் ஒன்று" என்று சொல்லி, ஒரு பானத்தின் விலையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

முக்கியமாக நேரம். பப் நாள் முழுக்கத் திறந்திருந்தாலும் சமையலறை பல இடங்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும், மறுபடி மாலையில்தான் திறக்கும். மூன்று மணிக்குப் பசியோடு போனால் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்தான் கிடைக்கும்.

கேள்வி: பிளவ்மன்ஸ் லஞ்ச் என்ற தட்டை, உழவர்கள் காலங்காலமாகச் சாப்பிட்டது என்று சொல்லி எங்களுக்குப் பரிமாறினார்கள். உண்மையா?

பாதி உண்மை. ரொட்டி, சீஸ், வெங்காயம், பீர், இவை இங்கிலாந்தின் வயல்காட்டில் பல நூறு ஆண்டுகளாக இருக்கின்றன. அந்தப் பெயரை ஊரெங்கும் பரப்பியது விளம்பரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் சீஸுக்கு ரேஷன், பாலில் பெரும்பகுதி ஒரே மாதிரியான 'அரசு செடார்' செய்யப் போனது, உள்ளூர் சீஸ் வகைகள் பலவும் அப்போது நொடித்துப்போயின. ரேஷன் முழுக்க எடுக்கப்பட்டது 1954இல்தான். மக்களுக்குச் சீஸ் பழக்கம் திரும்ப வரவேண்டுமே என்று சீஸ் பியூரோ என்ற வியாபார அமைப்பு 1950களில் பப்புகள் வழியாக இந்தத் தட்டை விற்கப் பார்த்தது, 1960களில் பால் விற்பனை வாரியமும் சேர்ந்துகொண்டது. அதற்காகச் சாப்பிடாமல் விடாதீர்கள். பிரித்துவைத்த சீஸ் பிக்கிள் சாண்ட்விச்தான் அது, சாண்ட்விச் பிரியர்கள் தாங்களே அடுக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: சைவர்கள் எதையெல்லாம் கவனிக்கவேண்டும்?

சீஸை உறையவைக்கச் சேர்க்கும் ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். விலங்கிலிருந்து எடுக்காத ரென்னெட்டில் செய்த செடாரும் நிறைய உண்டு, கேட்டால் சொல்வார்கள். சீஸ் டோஸ்ட்டில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் உண்டு. 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைப் பப்புகள் தந்தாகவேண்டும் என்பது சட்டம், மீன் அந்தப் பட்டியலில் வருவதால் இது மாட்டிக்கொள்ளும். ரென்னெட் அதில் வராது, அதை நீங்களாகத்தான் கேட்கவேண்டும். சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயில் மீனையும் பொரிக்கிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சீட்டாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாத பிரபுதானே சாண்ட்விச்சைக் கண்டுபிடித்தது?

நான்காவது சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகு. கதையைக் கிளப்பிவிட்டவர் லண்டனுக்கு வந்த ஒரு பிரெஞ்சுப் பயணி. அந்தப் பிரபு கடற்படை நிர்வாகத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர், சீட்டு மேஜையைவிட வேலை மேஜையில்தான் அப்படிச் சாப்பிட்டிருப்பார் என்கிறவர்களும் உண்டு. வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762இலேயே தன் நாட்குறிப்பில் சாண்ட்விச் பற்றி எழுதிவிட்டார். ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்துத் தின்ன ஒரு பிரபு வந்துதான் சொல்லித்தரவேண்டுமா என்ன?

கேள்வி: ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு சிப்ஸ் வைத்துத் தருகிறார்களே, கேலியா?

சிப் பட்டி! கேலியே இல்லை. விரல் கனத்துக்கு நறுக்கிப் பொரித்த சிப்ஸ் சூடாக இருக்கவேண்டும், ரொட்டி வெள்ளையாக மெத்தென்று இருக்கவேண்டும், வெண்ணெய் உருகி மணிக்கட்டு வரை வழியவேண்டும். வட இங்கிலாந்தில் இதற்கு ஏகப்பட்ட மரியாதை. ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்து ரசிகர்கள் மைதானத்தில் பாடும் பாட்டிலேயே இது வருகிறது. டயட்டில் இருப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம், சாண்ட்விச் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஏன்?

ஞாயிறு மதியம் ரோஸ்ட்டுக்கு, அதாவது அவனில் வாட்டிய இறைச்சிச் சாப்பாட்டுக்கு உரியது, பல சமையலறைகளில் வேறு எதற்கும் நேரம் கிடையாது. திங்கள் மதியம் போய்ப் பாருங்கள். முந்தைய நாள் மிஞ்சிய பீஃபை ஆறவைத்து மெல்லிசாகச் சீவி, ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான கிழங்கின் விழுதைத் தடவித் தருகிற பப் அமைந்தால் யோகம்தான். ஹாம் (பன்றி இறைச்சி) என்றால் இங்கிலீஷ் கடுகு விழுது. இரண்டிலும் காரம் ஒரே வகை: மிளகாய் போல நாக்கில் தங்காது, நேரே மூக்குக்கு ஏறி, கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிட்டு, சில நொடியில் இறங்கிவிடும். மிளகாய் பழகியவர்கள் 'நமக்கென்ன' என்று தாராளமாகத் தடவிக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன், முதல் தடவை நகக்கண் அளவு போதும். பீஃபும் ஹாமும் வேண்டாதவர்கள் கிழமை பார்க்கவேண்டியதில்லை, ஞாயிறு மட்டும் தவிர்த்தால் போதும்.