வீடு போ போ என்கிறது

அன்புள்ள ஐயா,

வார இறுதிகளில் ஒரு காட்டின் நுழைவாயிலில் தன்னார்வலராக நிற்கிறேன். வருகிறவர்களிடம் ஒரு பக்கப் படிவத்தை நீட்டி, 'எதற்காகக் காட்டுக்கு வந்தீர்கள்?' என்று கேட்டு, கட்டங்களில் குறி போட வைப்பது என் வேலை. இருநூறு படிவங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஏறக்குறைய எல்லோரும் 'சுத்தமான காற்று', 'அமைதி', 'இயற்கையை ரசிக்க' என்ற மூன்றில்தான் குறி போடுகிறார்கள். ஆனால் 'அமைதி'யில் குறி போட்டவர்களே பத்தடி தாண்டியதும் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள். பாதிப் பேர் முதல் வளைவைத் தாண்டுவதே இல்லை. அங்கேயே படம் எடுத்து, சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு மரத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. இவர்கள் உண்மையில் எதற்குத்தான் வருகிறார்கள்? இதற்குக் காடு எதற்கு?

ம.

அன்புள்ள ம.,

எரிச்சல் புரிகிறது. ஆனாலும் அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கையில் படிவத்தோடு ஒருவர் வாசலில் மறித்து 'ஏன் வந்தீர்கள்' என்று கேட்டால், யாருமே மரியாதையான பதிலைத்தான் சொல்வார்கள். 'வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை' என்று ஒரு கட்டம் உங்கள் படிவத்தில் உண்டா?

வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அது முதுமையைப் பற்றியது, அந்தக் காடு சுடுகாடு. சரி, அதை விடுங்கள். ஆனால் பயணங்களை ஆராய்ந்தவர்கள் 1970களில் வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட இதேதான். ஒருவரை வெளியே தள்ளுகிற காரணம் வேறு, ஓர் இடத்துக்கு இழுக்கிற காரணம் வேறு என்று கிரஹாம் டேன் 1977-இல் எழுதினார். இரண்டு வருடம் கழித்து ஜான் கிராம்ப்டன் 39 பேரிடம் விரிவாகப் பேசி, விடுமுறைப் பயணத்துக்கு ஒன்பது காரணங்களைப் பிரித்தெடுத்தார். அதில் ஏழு, ஆளுக்குள்ளே இருந்து தள்ளுபவை: அன்றாடத்திலிருந்து தப்பிப்பது, தன்னைத் தானே கொஞ்சம் பார்த்துக்கொள்வது, இளைப்பாறுவது, கௌரவம், சற்று நேரம் சின்னப்பிள்ளை ஆவது, சொந்தங்களோடு நெருங்குவது, மற்றவர்களோடு பழகுவது. போகிற இடத்தைப் பொறுத்தவை இரண்டே இரண்டு: புதுமை, புதிதாக எதையாவது அறிந்துகொள்வது.

அவர் காட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பொதுவாகப் பயணங்களைப் பற்றித்தான் கேட்டார். இருந்தாலும் உங்கள் முதல் வளைவுக் கூட்டத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் எடுப்பவர் கௌரவத்துக்கு வந்தவர். சிரித்துப் பேசுகிறவர்கள் ஒருவருக்காக ஒருவர் வந்தவர்கள். மரத்தை நிமிர்ந்து பார்க்காதவர் எதிலிருந்தோ தப்பித்து வந்தவராக இருக்கலாம்.

'சுத்தமான காற்று', 'அமைதி' எல்லாம் நாம் கற்றுக்கொண்ட சொற்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஷின்ரின் யோகு', அதாவது காட்டுக் குளியல், ஏதோ பழைய ஞானம் போலப் பேசப்படுகிறது. ஜப்பானின் வனத்துறை மக்களைக் காட்டுக்கு வரவழைக்க 1982-இல் உருவாக்கிய சொல் அது. சொல் முதலில் வந்தது, உடம்புக்கு என்ன ஆகிறது என்று அளந்து பார்த்த ஆய்வுகள் அப்புறம்தான் வந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரிச் சொற்கள் காதில் விழுந்து விழுந்து, யார் கேட்டாலும் வாயில் தயாராக இருக்கின்றன.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் என் அண்ணனுக்கும் சொத்துப் பிரிப்பதில் மனத்தாங்கல். ஒரு வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லை. உறவினர் ஒருவர் ஏற்பாட்டில் நாலைந்து பேராக ஒரு காட்டுக்குப் போனோம். மற்றவர்கள் முன்னால் போய்விட, ஒற்றையடிப் பாதையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் முன்னால், நான் பின்னால். அரை மணி நேரம் அவருடைய சட்டையின் முதுகில் வியர்வை படர்வதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். திடீரென்று எங்கோ மேலே மரங்கொத்தி தட்டுகிற சத்தம். இருவரும் நின்றோம். 'எங்கேடா?' என்றார், திரும்பாமலே. நான் கையை நீட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்க்க, பறவை அதற்குள் தண்டின் மறுபுறம் போய்விட்டது. அது மறுபடி வருமா என்று அப்படியே நின்றோம். அப்புறம் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தோம், முதலில் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி.

ஓர் அறையில் எதிரெதிரே உட்கார வைத்திருந்தால் அன்று சண்டைதான் நடந்திருக்கும். ஒற்றையடிப் பாதையில் முகம் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு நின்றால் சங்கடமில்லை, பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. அன்று பார்த்ததில் ஒரு மரத்தின் பெயரைக்கூட இன்று என்னால் சொல்ல முடியாது. வாசலில் நீங்கள் நின்றிருந்தால் நானும் 'இயற்கையை ரசிக்க' என்றுதான் குறி போட்டிருப்பேன்.

அப்படியானால் காடு வெறும் திரைச்சீலையா, அதே பேச்சைக் கடைத்தெருவில் நடந்துகொண்டே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. இதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கேப்லான், ஸ்டீபன் கேப்லான் தம்பதி ஒரு விளக்கம் தந்திருக்கிறார்கள். தெருவில் ஹாரன், விளம்பரப் பலகை, எதிரே வருகிற வண்டி எல்லாம் நம் கவனத்தைப் பிடித்து இழுக்கின்றன. இலை அசைவதும் ஓடை ஓடுவதும் கவனத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிடுகின்றன. முனைந்து முனைந்து களைத்துப்போன கவனம் அந்த இடைவெளியில் ஓய்வெடுக்கிறது. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பழைய மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மரம் பார்க்க வேண்டும் என்று அவர்களில் யாரும் மருத்துவமனைக்கு வரவில்லை. உங்கள் முதல் வளைவில் நிற்பவர்களுக்கும் நிமிர்ந்து பார்க்காமலே கொஞ்சம் கிடைக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

ஸ்பீக்கர் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. வந்த காரணம் எதுவாகவும் இருக்கலாம், அதற்காக மற்றவர் வந்த காரணத்தைக் கெடுக்க உரிமை கிடையாது. பறவைகளின் கதையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் 'இவர்களுக்குக் காடு எதற்கு' என்ற இடத்தில் ஒப்பமாட்டேன். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டை வேலி போட்டு வளைத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து மீட்க வழக்கும் போராட்டமும் நடந்து, 1878-இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. மக்கள் பொழுதுபோக்கவும் மகிழவும் திறந்தே கிடக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்ன காரணத்துக்கு வந்தால்தான் அனுமதி என்று அதில் இல்லை.

அமைதி தேடி வருகிறவரும் கூட்டாளிகளோடு வருகிறவரும் ஒரே பாதையில் முட்டிக்கொள்வதுதான் உங்கள் சிக்கல். இதற்கு அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ரோஜர் கிளார்க்கும் ஜார்ஜ் ஸ்டாங்கியும் 1979-இல் ஒரு வழி எழுதிவைத்தார்கள். காடு முழுவதையும் ஒரே மாதிரி ஆக்காதீர்கள், வாசலருகே பெஞ்சும் வசதியும் ஆள் நடமாட்டமும் இருக்கட்டும், உள்ளே போகப் போக எல்லாம் குறையட்டும், அவரவர் தனக்கானதைத் தேர்ந்துகொள்ளட்டும் என்பதுதான். முதல் வளைவோடு பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள் என்கிறீர்களே, உங்கள் காட்டில் இந்த ஏற்பாட்டில் பாதியை அவர்களே செய்துவிட்டார்கள்.

முடிந்தால் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். உள்ளே போகிறவரிடம் கேட்பதற்குப் பதில் வெளியே வருகிறவரிடம் கேளுங்கள். 'ஏன் வந்தீர்கள்' வேண்டாம். 'உள்ளே எந்த இடத்தில் அதிக நேரம் நின்றீர்கள், யாரோடு?' என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். கூடவே, வாராவாரம் அந்த வாசலுக்கு வருகிற நீங்கள் எந்தக் கட்டத்தில் குறி போடுவீர்கள் என்பதையும்.