சாயல்குடிக்கு அப்பால் போக முடியவில்லை

அண்ணனுக்கு வணக்கம்.

மண்டபத்திலிருந்து தூத்துக்குடிக்கு மீன் லோடு ஓட்டுகிறேன். போன ஐப்பசி மழையில், சாயல்குடி தாண்டி, ஹெட்லைட் எரியாத பைக் ஒன்று குறுக்கே ஏறி என் வண்டியில் அடித்துவிட்டது. பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நான் ஓடவில்லை. 108 வரும்வரை என் துண்டை அவன் தலையில் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கீழே கிடந்த பைக்கில் இண்டிகேட்டர் மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. பையன் பிழைக்கவில்லை.

கேஸ் நடக்கிறது. தப்பு என்மேல் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனாலும் எதிரே ஹைபீம் வந்தால் கை மரத்துப்போகிறது. முன்னால் போகிறவன் இண்டிகேட்டர் போட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதனால் சாயல்குடியில் திரும்பி, அருப்புக்கோட்டை போய், நாலுவழிச் சாலையில் சுற்றிப் போகிறேன். கூடுதல் டீசலை என் படியில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருநாள் ஐஸ் உருகுகிறதே என்று நேர்வழியில் விட்டேன். வேம்பார் எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. வீட்டில் பிள்ளை தட்டைக் கீழே போட்டால்கூட அடிக்கப் பாய்கிறேன். குடித்தால்தான் தூக்கம். மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். எனக்குப் பைத்தியமா அண்ணே? லைனை விட்டுவிடவா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

பைத்தியம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனக்கோளாறு போலத் தெரிகிறது. டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள். அதுதானா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பார்த்த பிறகு, 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் இதைச் சேர்த்தார்கள். அதனால் பட்டாளத்துக்காரர் வியாதி என்று ஒரு பேச்சு உண்டு. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கும் நிறையவே வருகிறது.

நம் கரைக்கு இது புதிதும் இல்லை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருந்தார். உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தாழ்வாகப் போனால், கையிலிருக்கும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். சத்தம் ஓய்ந்ததும் வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். யாரும் அவரைப் பைத்தியம் என்று சொன்னதில்லை. யாரும் டாக்டரிடம் கூட்டிப்போனதும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது தூக்கமோ கோபமோ அல்ல. வேம்பார் தாண்டியது தெரியவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். லோடு வண்டியில், இரவில், அத்தனை தூரம் நீங்கள் அங்கே இல்லை. இதில் உங்களுக்குச் சாதகமாகப் பேச என்னால் முடியாது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை இரவு லோடு வேண்டாம். கை மரத்துப்போவது பகலிலும் வருகிறது என்றால் பகலிலும் வேண்டாம். லைனை விடுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். அதை உடம்பு தேறிய பிறகு, தூங்கி எழுந்த மனதோடு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் அந்தச் சுற்றுவழி. சாயல்குடியில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் நெஞ்சு லேசாகிறது இல்லையா? அந்த நிம்மதிதான் வினை. திரும்பும் ஒவ்வொரு முறையும், 'அந்த ரோட்டில் போயிருந்தால் செத்திருப்போம்' என்று மனது இன்னும் உறுதியாக நம்பிக்கொள்கிறது. இன்றைக்கு ரோடு, நாளைக்கு இரவு, அப்புறம் மழை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போவோம்.

இதற்கான பேச்சு சிகிச்சை இந்தச் சுற்றுவழியைத்தான் குறிவைக்கிறது. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, இண்டிகேட்டர் எரிந்தது உட்பட, பயிற்சி பெற்ற ஒருவர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். பிறகு ஒதுக்கி வைத்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகச் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில், முதலில் பகல் பஸ்ஸில் பயணியாக சாயல்குடியிலிருந்து வேம்பார்வரை என்று அது தொடங்கலாம். நடுக்கம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடாமல், அது தானாகத் தணியும்வரை இருப்பதுதான் காரியம். ஐஸ் உருகுகிறது என்று நீங்கள் ஒருநாள் தனியாக, லோடோடு பாய்ந்தது இந்தக் கணக்கில் வராது.

வாரம் ஒரு தடவை என்றால் எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள். இதைப் படித்ததும் எனக்குத் தடைக்காலம்தான் ஞாபகம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, உங்களுக்கும் லோடு குறையும். வழக்கமாக அந்த நாட்களில் உப்பு லோடுக்குப் போவீர்கள். கையில் காசு இருக்காது என்பது தெரியும். இந்த ஒரு வருஷம் மட்டும் அந்த எட்டு வாரத்தை இதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். ஏர்வாடி என்றதும் உங்களுக்கு வரும் நடுக்கம் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். மனநலம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்கள் ஒதுங்கிப்போவதற்கு அந்தச் சங்கிலியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தர்காவுக்குப் போக மனமிருந்தால் போய் வாருங்கள். ஆனால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுவிட்டுப் போங்கள். இரவு இரண்டு மணிக்கு முழிப்பு தட்டினால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

குடி தூங்க வைக்கும், சரி. ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். உங்களுக்கு விடியற்காலையில்தான் கனவு வருகிறது என்றால் ஆச்சரியப்பட மாட்டேன். மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் தரும் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். கனரக வண்டி ஓட்டுகிறேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மயக்கம் தரும் மருந்தா, எப்போது சாப்பிடலாம் என்று அவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள்.

ஓனருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கக் கேட்பது உங்கள் உரிமை. உங்கள் மருத்துவமனைச் சீட்டு ஓனரிடம் போகாது. அவரிடம் கொஞ்ச நாளைக்கு இரவு வண்டி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும்.

வீட்டுக்காரியைக் கூடவே கூட்டிப்போங்கள். நீங்கள் தூக்கத்தில் என்ன கத்துகிறீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்த வாய்தா எப்போது என்று எழுதவில்லை. வாய்தாவுக்கு முந்தின ராத்திரி எப்படியும் மோசமாகத்தான் இருக்கும், அதனால் அதற்கு முன்பே ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அந்தச் சீட்டை வக்கீலிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.